ஈரல் மாற்றுக்குப் பின் எலும்பு: இலவச கிளினிக்கில் கேட்டுப் பெறவேண்டியவை

ஈரல் மாற்று சத்திரசிகிச்சை ராகமயில் நடந்தாலும் இந்தியாவில் நடந்தாலும், கொழும்பில் அரச மருத்துவமனைக் கிளினிக்கில் பதிந்த இலங்கையருக்கு வைத்திய ஆலோசனையும் கையிருப்பிலுள்ள மருந்தும் இலவசம். எலும்புப் பராமரிப்பும் இதில் அடங்கும். ஆனால் ஈரல் ரிப்போர்ட்டைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆகவே எலும்பைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

தாமதிக்க வேண்டாம். எலும்பு அதிகம் கரைவது மாற்றுக்குப் பின்னான முதல் 3-6 மாதங்களில். ஸ்டெரொய்ட் மருந்தான பிரெட்னிசொலோன் முக்கிய காரணம். புதிய ஈரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸுக்கும், மாற்றுக்கு முன்பே இருந்த விற்றமின் டி குறைபாட்டுக்கும் பங்குண்டு. பெரும்பாலும் முள்ளந்தண்டு எலும்புதான் நொறுங்கும், சிலருக்கு வலியே இராது. உயரம் குறைந்தால் அதுவும் ஓர் அறிகுறி. பயந்துபோய் பிரெட்னிசொலோனைத் தானாக நிறுத்துவது மிக ஆபத்து.

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், குடிக்கும் மருந்துகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன், முள்ளந்தண்டு எக்ஸ்ரே, இரத்தத்தில் விற்றமின் டி, கல்சியம், சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைக் கேளுங்கள். டெக்சா எல்லா அரச மருத்துவமனையிலும் இல்லை. உள்ள இடத்துக்குக் கடிதம் கேளுங்கள். தனியாரில் எடுத்தால் கட்டணம் உங்களுடையது. அடுத்த தடவையும் அதே மெஷினில் எடுங்கள், இல்லாவிட்டால் இரு முடிவுகளையும் ஒப்பிட முடியாது. டெக்சா முடிவில் வரும் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய்.

கல்சியம் குளிசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றில் உள்ள கல்சியம் 500 மட்டுமே. உணவும் குளிசையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 தேவை. சாப்பாட்டோடு, இரண்டு நேரமாகப் பிரித்துக் குடியுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குடிப்பவருக்கு காபனேற் சரியாக உறிஞ்சப்படாது. பதிலாக கல்சியம் சிற்றேற் தரலாமா என்று கேளுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபினோலேற் குடிப்பவர் அதற்கும் கல்சியத்துக்கும் இடையில் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேற் எழுதித் தந்தால், வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்திருங்கள். பிளேன்டீயோடு குடித்தால் மருந்து வீண். உணவுக்குழாயில் இரத்த நாளம் வீங்கியிருந்தவர் அதை முதலிலேயே சொல்லவேண்டும். ஆண்டுக்கொருமுறை ஏற்றும் சொலெட்ரோனிக் அசிட் ஊசி மாற்று வழி. அதற்குச் சிறுநீரகம் போதுமான அளவு இயங்கவேண்டும். இரண்டுக்குமே முன்பு பல் வைத்தியரைப் பாருங்கள்.

விழுந்த பின்னரோ திடீரெனவோ கடும் முதுகுவலி வந்தால் ஓட்டோவில் குலுங்கிப் போகாதீர்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.