நலமுரண்: ஒருவருக்குள் மோதும் இரண்டு நலம்

புதிதாகப் போட்ட சாலையின் ஓரத்தில் ஒரு பலகை நட்டிருப்பார்கள். பணியின் பெயர், திட்டம், மதிப்பீடு, அதன் கீழே ஒப்பந்ததாரர் பெயர். எதிர்த்த டீக்கடையில் கேட்டால் அந்தப் பெயருக்கு உரை சொல்வார்கள்: "பேருதான் அவரு. டெண்டர் எடுத்தது சேர்மனோட மச்சான்." இதைப் 'பினாமி' என்று ஊர் சொல்லிவிடுகிறது. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாமல், 'நாம்' என்றால் பெயர். பெயர் காட்டாமல் வைத்துக்கொள்வது பினாமி. ஆனால் அது மறைக்கும் வழிக்குப் பெயர். மறைத்தே தீரவேண்டிய அந்த நிலைமைக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் அதைத்தான் 'கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்கிறார்கள்.

'இன்ட்ரஸ்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'இன்டர்' என்றால் இடையே, 'எஸ்ஸே' என்றால் இருத்தல். பொதுக்காரியத்துக்கும் அதை முடிவு செய்பவருக்கும் இடையில் வந்து உட்காருவது என்று கொண்டால் வேர்ப்பொருளே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் வட்டிக்கும் ஆர்வத்துக்கும் பாத்தியதைக்கும் இதே ஒரு சொல்தான். அதனால்தான் 'ஆர்வ முரண்' போன்ற பொருந்தாத மொழிபெயர்ப்புகள் பிறக்கின்றன.

கிரிக்கெட் செய்திகள் வழியாக 'இரட்டை ஆதாயம்' என்ற சொல் பரவியது. கேட்டதும் புரிகிற சொல்தான். ஆனால் ஆதாயம் கைக்கு வந்த பிறகுதான் தவறு என்ற எண்ணத்தை அது தருகிறது. ஒரு ரூபாய்கூட வராதபோதும் இந்த நிலைமை இருக்கலாம். டெண்டரைத் திறக்கும் மேஜையின் இருபுறமும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் போதும்.

'நலன் முரண்பாடு' என்றும் எழுதுகிறார்கள். இதில் எனக்குக் குறை 'முரண்பாடு'தான். பேச்சில் அது சண்டை, கருத்து வேறுபாடு. தலைவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் முரண்பாடு என்று படித்தால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது என்றே வாசகர் நினைப்பார். உண்மை நேர்மாறு. அவர்கள் ரொம்ப ஒத்துப்போவதுதான் சிக்கல். முரண் இருப்பது ஒரே ஆளுக்குள்.

ஆகவே நான் பரிந்துரைப்பது 'நலமுரண்'. நலம் + முரண். மகர ஈறு கெட்டுச் சேர்கிறது, நிலமகள் போல. தன்னலம், பொதுநலம் என்ற இணை நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் தனியாக விளக்கம் வேண்டாம்: இந்த இரண்டு நலமும் ஒருவருக்குள் எதிரெதிரே நிற்பது நலமுரண். முரண் என்பது செயல் அல்ல, நிலை. ஊழல், முறைகேடு, லஞ்சம் எல்லாம் செயல்கள். அவற்றை நிரூபிக்க வேண்டும். நலமுரணை நிரூபிக்கத் தேவையில்லை. யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பார்த்தாலே தெரியும்.

இந்த வேறுபாட்டுக்குச் சொல் இல்லாததால் நாம் இழப்பது அதிகம். ஜார்க்கண்டில் 2021இல், ஹேமந்த் சோரன் முதல்வராக இருந்தபோது, ராஞ்சி மாவட்டம் அங்காராவில் 0.88 ஏக்கர் கல்குவாரிக் குத்தகை அவர் பெயருக்கே வழங்கப்பட்டது. சுரங்கத் துறையும் அவரிடமே இருந்தது. 2022இல் விஷயம் வெளியே வந்ததும் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தார். அரசோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரின் பதவியைப் பறிக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி பதவி போகுமா என்பதே அன்றைய கேள்வி. தேர்தல் ஆணையம் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியது. ஆளுநர் அதை வெளியிடவில்லை, பதவியும் போகவில்லை. சுரங்கக் குத்தகை அந்தப் பிரிவு சொல்லும் ஒப்பந்தத்தில் சேராது என்று வேறொரு வழக்கில் 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டத்தில் அது தகுதியிழப்பு ஆகுமா என்று வாதாடலாம். நலமுரண் என்பதில் வாதாட என்ன இருக்கிறது?

9ஏ பிரிவின் கதையையும் சொல்ல வேண்டும். அரசுக்குப் பொருள் வழங்கவோ அரசின் பணியைச் செய்துதரவோ ஒப்பந்தம் நடப்பில் உள்ளவர் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது அது. 1951இல் எழுதியபோது வலை அகலமாக இருந்தது: தானாகவோ, தனக்காக வேறொருவர் வழியாகவோ, ஒப்பந்தத்தில் பங்கு இருந்தாலே தகுதியிழப்பு. 1958 திருத்தம் அதை 'அவரே செய்துகொண்ட ஒப்பந்தம்' என்று சுருக்கியது. 1966இல் 9ஏ ஆனபோதும் அந்தச் சுருக்கம் நீடித்தது. பலகையில் இருக்கும் பெயரோடு சட்டம் நின்றுவிடுகிறது. டீக்கடைக்குத் தெரிந்தது அதன் கண்ணில் படாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இப்படி நிற்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுச் சபைத் தீர்மானம் அது. ஊர்க் காரியம் பார்த்த வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்பதோடு, அவருடைய உறவுகளையும் வரிசையாகச் சொல்லி விலக்குகிறது: சிற்றவை பேரவை (சித்தி, பெரியம்மா) மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்த மருமகன். அங்கே குற்றம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவருடைய நலம் அவர் பெயரோடு முடிவதில்லை என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. மச்சானும் மருமகனும் கல்லிலேயே இருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அமைச்சருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே நலமுரண்' என்று எழுதாதீர்கள். 'இந்த டெண்டரில் அமைச்சருக்கு நலமுரண் உண்டு' என்று எழுதுங்கள். அதிலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டால் 'நலமுரண் கருதி விலகினார்' என்றும், சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் 'நலமுரணை மறைத்தார்' என்றும் எழுதலாம்.