கை ஓங்குவதற்கு முன்

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியோ உறவினரோ ஊழியர் மேல் கை வைப்பது பெரும்பாலும் திடீரென்று நடப்பதில்லை. முன்கூட்டியே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு ஐந்து அடையாளங்களைத் தொகுத்தது: முறைத்துப் பார்ப்பது, குரலின் தொனி மாறுவது, பதற்றம், முணுமுணுப்பு, ஓரிடத்தில் நில்லாமல் நடப்பது. ஊழியர்களுக்கான பயிற்சி தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

முரண்டு பிடிப்பவர் நோயாளியே என்றால், முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனாலும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் மனிதர் மூர்க்கமாகலாம். தினமும் குடிப்பவர் குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளிலும் இதே கதைதான். 'போதை ஆசாமி' என்று ஓரமாகப் படுக்கவைப்பது சிகிச்சைப் பிழை.

நிற்கும் விதமும் பழகவேண்டியது. இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நிற்கவேண்டும். வாசல் உங்களுக்கும் திறந்திருக்கவேண்டும், அவருக்கும் திறந்திருக்கவேண்டும். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் தொங்கினால் அதுவே சுருக்குக் கயிறு, பையில் போடுங்கள்.

பேசுவது ஒருவர் மட்டும். "சத்தம் போடாதீங்க" என்பது நெருப்பில் எண்ணெய். "அண்ணே, அப்பாவுக்கு ஆக்சிஜன் போகுது. பத்து நிமிஷத்துல நானே வந்து சொல்றேன்" என்றால் பாதிக் கோபம் இறங்கும். சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் பத்தாவது நிமிடம் போய் நிற்கவேண்டும்; போகாவிட்டால் அடுத்த சொல் எடுபடாது. பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போவது ஏன் என்பதையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வரிசை மீறல் என்றுதான் வெளியில் நிற்பவருக்குத் தோன்றும்.

பிடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் ஐந்து பேர்: கை கால்களுக்கு நால்வர், தலைமாட்டில் ஒருவர். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். தலைமாட்டில் இருப்பவரின் வேலையே மூச்சைக் கவனிப்பது.

இவ்வளவும் வகுப்பறையில் சொன்னால் போதுமா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பின்படி, பயிற்சியால் அறிவு கூடலாம். தாக்குதல் குறைந்ததற்கு உறுதியான சான்று இல்லை. செவிலியருக்கு மட்டும் ஆண்டுக்கொரு வகுப்பு எடுத்துவிட்டு, வாசலில் நிற்கும் செக்யூரிட்டியையும் இரவு ஷிஃப்ட் அட்டெண்டரையும் விட்டுவிட்டால் வேறென்ன நடக்கும்? ஒத்திகையை கேஷுவாலிட்டியிலேயே, நள்ளிரவில் நடத்துங்கள். அபாய மணியை அழுத்தி, ஆள் வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். புறக்காவல் நிலையத்தில் அந்த மணி கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

தமிழ்நாட்டின் 2008 சட்டம் இத்தகைய தாக்குதலுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. அது அடி விழுந்த பிறகு. அடிக்கு முன் உதவுவது ஒரு நோட்டுதான்: வெறும் வசவானாலும் நேரம், இடம், காரணம் மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால், உறவினரிடம் பேச அந்த நேரத்துக்குத் தனியாக ஒருவரைப் போடலாம்.