வீட்டு வீடியோவை வெட்டும்போது கணினிக்குள் நடப்பது

வன்னியில் சாமத்திய வீடும் பிறந்தநாளும் கோயில் திருவிழாவும் இன்று கைத்தொலைபேசியிலேயே பதிவாகின்றன. அவற்றைத் தொகுத்து வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் பொறுப்பு, வீட்டில் மடிக்கணினி வைத்திருக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. சொட்கட், கேடென்லைவ், ஓப்பன்சொட் ஆகிய இலவச மென்பொருள்கள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மூன்றுக்கும் முகம் வேறானாலும், வீடியோவைத் திறந்து படிக்கும் வேலையை மூன்றும் 2000ஆம் ஆண்டில் பப்ரிஸ் பெலார் தொடங்கிய எப்எப்எம்பெக் என்ற திறந்த மூல நிரல் தொகுதியிடமே விட்டுவிடுகின்றன. இருந்தும், சில நொடிகளை மட்டும் நீக்கிய வீடியோவைச் சேமிக்க ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும், சில செயலிகளில் வெட்டிய இடம் ஏன் சற்று முன்னே தள்ளிப்போகிறது என்பதும் பலருக்குப் புரிவதில்லை. இரண்டுக்கும் காரணம், வீடியோ சேமிக்கப்படும் முறையே.

முழு எச்டி படம் ஒன்றில் 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைற் என்று கொண்டால் ஒரு சட்டகத்துக்கு, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்களில் ஒன்றுக்கு, ஏறக்குறைய 62 இலட்சம் பைற் தேவை. நொடிக்கு 30 சட்டகம் என்ற கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 11 கிகாபைற் ஆகிவிடும். ஆனால் அதே நிமிடத்தைக் கைத்தொலைபேசி 130 மெகாபைற் அளவில் அடக்கிவிடுகிறது, அதாவது எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவாக.

2003இல் வெளியான எச்.264 என்ற வீடியோச் சுருக்கத் தரநிலை இதைப் பல படிகளில் செய்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் காண்பதுபோல நிற வேறுபாட்டை நுணுக்கமாகக் காண்பதில்லை என்பதால், வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகவும், நிறம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவும் பதியப்படுகிறது. இதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து, அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்ட கோசைன் உருமாற்றத்தின் வழிவந்த கணிதம், ஒவ்வொரு சிறு கட்டத்திலும் கண்ணுக்கு எட்டாத நுண்விவரங்களைக் கழிக்க உதவுகிறது. எனினும் மிகப் பெரிய சேமிப்பு காலத்தில்தான் கிடைக்கிறது. சாமத்தியப் பெண்ணுக்கு ஆலாத்தி எடுக்கும் காட்சியில் பின்னணி அலங்காரம் அசைவதில்லை. தட்டும் கைகளும் மட்டுமே அசைகின்றன. ஆகவே ஒரு சட்டகத்தை முழுப்படமாகச் சேமித்துவிட்டு, அடுத்து வருபவற்றுக்கு "இந்தக் கட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்தது, இந்த இடம் மட்டும் மாறியது" என்ற குறிப்புகளைச் சேமித்தால் போதும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருக்கும்போது எடுக்கும் வீடியோவில் இந்த உத்தி திணறும். நுரைத்துப் பாயும் நீர் சட்டகத்துக்குச் சட்டகம் புதிதாக இருப்பதால், கோப்பு பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கட்டங்கட்டமாக உடையும்.

முழுப்படமாகச் சேமிக்கப்பட்டதைக் கீ பிரேம் என்பார்கள். அதற்கு அடுத்துள்ள சட்டகங்களைத் தனியே எடுத்துப் பார்க்க முடியாது. வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் சேர வேண்டுமானால் மேல் வயல்களைக் கடந்துதான் வர வேண்டும் என்பதுபோல, இருபதாவது சட்டகத்தைக் காட்ட, அது சார்ந்திருக்கும் முந்தைய சட்டகங்களைக் கணினி கீ பிரேமிலிருந்தே விரித்து வர வேண்டும். லொஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்ற வெட்டும் மென்பொருள்களில், மீண்டும் சுருக்காமல் உள்ளபடியே நகலெடுத்து வெட்டினால் சில நொடிகளில் வேலை முடியும். படத்தின் தரமும் துளியும் குறையாது. ஆனால் வெட்டு கீ பிரேமில் தொடங்கியாக வேண்டும் என்பதால், நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்னிருந்தே படம் தொடங்கலாம். கைத்தொலைபேசிப் பதிவுகள் பலவற்றில் நொடிக்கொரு கீ பிரேம் இருப்பதால் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 என்ற மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் 250 சட்டகங்கள் வரை கீ பிரேம் இல்லாமல் போகும். நொடிக்கு 25 சட்டகம் என்றால் அது 10 நொடி இடைவெளி.

சொட்கட், கேடென்லைவ் போன்ற தொகுப்பு மென்பொருள்கள் உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. எந்தக் கோப்பு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதன் பின் எது என்பவற்றைத் திட்டக் கோப்பு என்ற ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் குறித்துக்கொள்கின்றன. மூலப் பதிவு தொடப்படாமலே இருக்கிறது. வீட்டுப் பதிவுகளைக் கையாள்வோருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. ஆனால் திட்டக் கோப்பைச் சேமித்துவிட்டோம் என்று நம்பி மூலப் பதிவை அழித்தால் எஞ்சுவது வெறும் குறிப்புகள்தாம். ஏற்றுமதி செய்யும்போதுதான், அதாவது தொகுத்ததைப் புதிய வீடியோக் கோப்பாகச் சேமிக்கும்போதுதான், கணினி ஒவ்வொரு சட்டகத்தையும் விரித்து, தலைப்பும் நிறமாற்றமும் சேர்த்து, மறுபடியும் சுருக்குகிறது. நேரம் போவது அங்கேதான். தொகுக்கும்போதே பழைய கணினி திக்கித் திணறினால், மென்பொருளில் உள்ள புறொக்சி வசதியை இயக்கலாம். அது தொகுக்கும் வேளையில் சிறிய நகலைக் காட்டி, ஏற்றுமதியின்போது மூலத்தை எடுத்துக்கொள்ளும்.

இரவுப் பதிவுகளில் வேறொரு சிக்கல் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலை இரவில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். போதிய ஒளி பெறுவதற்காகக் கமெரா ஒவ்வொரு சட்டகத்துக்கும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வதால், நொடிக்கு 30 ஆக இருந்த சட்டகங்கள் இடையிடையே குறைகின்றன. ஒலியோ மாறாத வேகத்தில் பதிவாகிறது. சீரான வேகத்தை எதிர்பார்க்கும் மென்பொருளில் மேளத்தில் கோல் விழுவதும் ஓசை கேட்பதும் மெல்ல மெல்ல விலகிப் போகும். இத்தகைய கோப்பைத் திறந்ததும் சொட்கட், தொகுப்புக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றலாமா என்று கேட்கும்; அதற்கு இணங்குவதே நல்லது. தலைப்புகளை ஒருங்குறியில் (யுனிகோட்) எழுதுங்கள். பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் தட்டச்சிட்டது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திட்டத்தைத் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும்.

ஏற்றுமதியில் தரத்தை முடிவுசெய்யும் எண் எக்ஸ்264இல் இயல்பாக 23. அதைக் குறைத்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஒவ்வொரு மறுசுருக்கமும் முந்தைய இழப்பின் மேல் புதிய இழப்பைச் சேர்ப்பதால், வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியிலிருந்து தொகுக்காமல், எடுத்தவரின் கைத்தொலைபேசியிலிருந்து வடத்தின் மூலம் மூலப் பதிவைப் பெறுங்கள். முடிந்த படத்தையும் அதே செயலியில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கப்படும். ஆவணமாக இணைத்தால் உள்ளபடியே போய்ச் சேரும்.