பழைய அலுவலகத்தை இடிக்கத்தான் வேண்டுமா?

"நாற்பது வருடப் பழைய அலுவலகக் கட்டடம். கரன்ட் பில் தாங்கவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே நல்லது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கட்டடத்தின் எலும்புக்கூடு உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள் என்பேன். சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வெளியேறிய கரியமில வாயு வெளியேறியதுதான். இடிப்பதால் அது திரும்பி வராது. புதிதாகக் கட்டினால் இன்னொரு முறை அதே அளவு வெளியேறும்.

நார்வேயில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒஸ்லோவுக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் சாண்ட்விகா என்ற புறநகர். அங்கே 1980களில் கட்டிய இரண்டு அலுவலகக் கட்டடங்களை ஸ்னோஹெட்டா நிறுவனத்தின் வடிவமைப்பில் புதுப்பித்து, 2014இல் திறந்தார்கள். பெயர் பவர்ஹவுஸ் ஷோர்போ. கான்கிரீட் சட்டகம் அப்படியே இருக்கிறது. வெளிச்சுவரின் பழைய கண்ணாடிகள் உள்ளே அறைத் தடுப்புகளாகிவிட்டன. வெளிப்புறம் கருக்கிய மரப்பலகை, கனமான வெப்பக்காப்பு, நிலத்தடிக் கிணறுகளிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்ப், மேலே சோலார் பலகைகள். கட்டுமானப் பொருட்களைத் தயாரிக்கச் செலவான ஆற்றலையும் கணக்கில் சேர்த்து, ஆயுள் முழுவதும் செலவழிப்பதைவிட அதிகம் உற்பத்தி செய்ய வேண்டும் என்பது இலக்கு. 60 பாகை வடக்கில், குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வமான இடத்தில், ஆற்றல் செலவைக் கடுமையாகக் குறைக்காமல் இது நடக்காது.

அதற்கு அவர்கள் கைவைத்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது காற்றோட்டம். வழக்கமான அலுவலகத்தில் கூரையிலிருந்து காற்றை வேகமாக ஊதி, அறைக் காற்றோடு கலக்கிவிடுகிறோம். நாம் விட்ட மூச்சும் அதில் கலந்துவிடுகிறது. ஷோர்போவில் சற்றே குளிர்ந்த புதுக்காற்று மிக மெதுவாக உள்ளே வந்து தரையோரம் பரவுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். அந்த வெப்பத்தில் அவரைச் சுற்றியுள்ள காற்று இலேசாகி மேலே எழும்பும்போது, விட்ட மூச்சையும் தூக்கிக்கொண்டு போகிறது. கீழிருந்து புதுக்காற்று அந்த இடத்துக்கு வருகிறது. ஆக, காற்றை நகர்த்தும் வேலையில் ஒரு பகுதியை அங்கே உட்கார்ந்திருப்பவர்களே செய்துவிடுகிறார்கள்! குறைந்த அளவு காற்றே போதும்.

"குறைந்த அளவு" என்பதன் பலன் சாதாரணமானதல்ல. குழாயில் காற்று சந்திக்கும் தடை வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். மின்விசிறிக்குத் தேவையான திறன், அந்தத் தடையை நொடிக்கு ஓடும் காற்றின் அளவால் பெருக்கியது. அதாவது, திறன் காற்றின் அளவின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்பக் கூடும். அதே குழாயில் காற்றின் அளவைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அளவைக் குறைக்காமல் குழாயின் பரப்பை மட்டும் இருமடங்காக்கினாலும் வேகம் பாதி, தடை கால்வாசி, திறனும் கால்வாசி. ஒல்லியான ஸ்ட்ராவில் இளநீர் குடித்தவர்களுக்குக் கன்னம் வலித்த காரணம் புரியும்.

சரி, பழைய கட்டடத்தில் அகலமான குழாய்க்கு எங்கே போவது? அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது: மாடிப்படிக் கூண்டு. மாடி மாடியாக மேலே போகும் அந்த விசாலமான வெற்றிடத்தையே கெட்ட காற்று வெளியேறும் பாதையாக்கிவிட்டார்கள். அப்படிப் போகும் காற்று, கட்டடத்தை விட்டு வெளியேறும் முன் தன் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இதைவிட அழகான பொறியியலை நான் அதிகம் கண்டதில்லை.

சென்னையில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. நம் காற்றின் ஈரத்தை முதலில் வடிக்க வேண்டும்; அதற்கே நிறைய மின்சாரம் போகும். ஆனால் மும்மடி விதி சாண்ட்விகாவிலும் சைதாப்பேட்டையிலும் ஒன்றுதான். வாஸ்து சொல்கிறதென்று வாசலையே இடம் மாற்றுகிறவர்கள், ஏசி குழாயின் அகலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் இயங்கிய பூஜ்ய உமிழ்வுக் கட்டட ஆய்வு மையம் ஷோர்போவை முன்னோடிக் கட்டடமாக எடுத்துக்கொண்டது. கட்டி முடித்த பிறகும் அளந்துகொண்டே இருக்கும் இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்கு நம் ஊரிலும் ஆய்வு நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு: இடிக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் காற்றோட்ட விசிறிகளுக்கு மட்டும் தனி மீட்டர் போட்டு ஒரு மாதம் பாருங்கள். அப்புறம் பயன்படாத லிஃப்ட் கூண்டு, பைப் போகும் கூண்டு ஏதாவது காலியாக இருக்கிறதா என்று பழைய வரைபடத்தை எடுத்துத் தேடுங்கள். தீயணைப்பு விதிகளைத் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.