சூடோபுரோகிரஷன்: போலி வளர்ச்சி

மூளைக் கட்டிக்கு ரேடியேஷன் முடிந்து வரும் முதல் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சிலருக்கு இந்தச் சொல் இருக்கும். ஸ்கேனில் கட்டி பெருத்ததுபோல் தெரிகிறது, ஆனால் உண்மையில் வளரவில்லை என்பது பொருள்.

'சூடோ' கிரேக்க வழி வந்தது, பொய், போலி. 'புரோகிரஷன்' லத்தீன், முன்னால் அடியெடுத்து வைப்பது. இங்கே முன்னால் போவது நோய். அதனால் 'போலி முன்னேற்றம்' என்று மொழிபெயர்த்தால் வம்புதான். ஆஸ்பத்திரியில் "முன்னேற்றம் தெரியுது" என்றால் ஆள் தேறி வருகிறார் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? அமீபாவின் 'சூடோபோடியா'வைப் போலிக்கால் என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். அந்த வழியில் 'போலி வளர்ச்சி' என்பதே சரி.

கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியில்தான் இதை அதிகம் பார்க்கிறார்கள். வழக்கமான சிகிச்சை 6 வாரங்களில் 30 தவணையாக 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. ஸ்கேனின்போது கையில் கடோலினியம் ஊசி போடுவார்கள், படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து அது. நல்ல மூளையின் ரத்தக் குழாய்கள் அதை வெளியே விடாது. கட்டியின் குழாய்கள் கசியும். கசிந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், கதிர்வீச்சில் அடிபட்ட குழாய்களும் கசியும். கூரையில் ஈரம் பரவினால் குழாய் உடைந்ததா, மழை இறங்கியதா என்று கறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதே, அப்படி.

இதனால்தான் மூளைக் கட்டி சிகிச்சையின் பலனை மதிப்பிட 2010இல் வந்த 'ரானோ' (RANO) வழிகாட்டி, கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களில் வெள்ளை கூடியதை மட்டும் வைத்து நோய் முற்றியதாக முடிவுகட்டக் கூடாது என்றது. கதிர் பாய்ந்த எல்லைக்கு வெளியே புதிதாகத் தெரிந்தாலோ, திசுவை எடுத்துச் சோதித்ததில் உறுதியானாலோ மட்டுமே விதிவிலக்கு. ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. கொஞ்சம் உதவும். உயிருள்ள கட்டி புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்வதால் அங்கே ரத்த அளவு கூடுதலாக இருக்கும். வெறும் கதிர்க்காயமென்றால் பெரும்பாலும் குறைவு. அப்போதும் தெளிவில்லையா, சில வாரம் விட்டு மறுபடி ஸ்கேன்தான். போலி வளர்ச்சி என்றால் சிகிச்சையை மாற்றாமலே நாளடைவில் வெள்ளை நிலைத்து நிற்கும், அல்லது சுருங்கும்.

அப்புறம், இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பெவாசிசுமாப் மருந்து குழாய்க் கசிவைச் சட்டென்று அடக்கிவிடும். படத்தில் வெள்ளை மங்கும். கட்டி அப்படியே உள்ளே இருக்கும். அதை 'சூடோ ரெஸ்பான்ஸ்' என்கிறார்கள், அதாவது மருந்து கேட்டதுபோன்ற போலித் தோற்றம். மேலே தள்ளிவைத்த 'போலி முன்னேற்றம்' இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.