பிஷாரத்: கணிப்பா, தீர்க்கதரிசனமா, நன்மாராயமா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் போன வாரம் மறுபடியும் அந்தச் சொல்லைப் பார்த்தேன். "தவ்ராத்திலும் இன்ஜீலிலும் நபிகளார் பற்றிய கணிப்புகள்" என்று அத்தியாயத் தலைப்பு. தவ்ராத் மூஸாவுக்கு (மோசேக்கு) அருளப்பட்ட வேதம், இன்ஜீல் ஈஸாவுக்கு (இயேசுவுக்கு) அருளப்பட்டது. 'கணிப்புகள்' மேல் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். கொஞ்ச நாளில் இது மூன்றாவது தடவை. முதலில் ஒரு காணொளியின் அடிவரியில் வந்தது, அப்புறம் ஒரு கட்டுரையில், இப்போது அச்சுக்குப் போகிற புத்தகத்தில். மூன்றிலும் மூலத்தில் இருந்த அரபுச் சொல் ஒன்றுதான்: பிஷாரத். பன்மையில் பிஷாராத்.

சொல்லின் பிறப்பை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ப-ஷ-ர என்ற மூன்று எழுத்து வேர். 'பஷரா' என்றால் மேல்தோல். கேட்டவுடன் முகத்தோலில் மாற்றம் தெரிய வைக்கிற செய்தி எதுவோ அதுவே பிஷாரத் என்பது அரபு அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். புஷ்ரா, பஷீர், முபஷ்ஷிர் எல்லாம் இதே குடும்பம். எபிரேயத்திலும் இதே மூன்று எழுத்துகள் உண்டு: 'பாசார்' என்றால் சதை, 'பெசோரா' என்றால் செய்தி, பெரும்பாலும் நல்ல செய்தி. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சாமுவேலின் முதல் நூலில், ஏலியின் மகன்கள் இருவரும் செத்தார்கள், உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோனது என்று சொல்ல ஓடிவருகிறவனுக்கும் எபிரேயம் வைத்திருக்கும் பெயர் 'மெவாசேர்', நற்செய்தி கொணர்பவன்தான். குர்ஆனிலும் அப்படி ஓர் இடம் உண்டு. 16:58இல் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஒருவனுக்குச் சொல்கிறார்கள். வினைச்சொல் இதே வேரில் வருவது. அவன் முகம் கறுத்துப் போகிறது. தோல், செய்தி, முகம் மூன்றும் ஒரே வசனத்தில். 3:21 இன்னும் ஒரு படி மேலே போய், வேதனைமிக்க தண்டனையைக் கொண்டு அவர்களுக்கு 'நற்செய்தி' சொல்லும் என்கிறது. குத்தலுக்கென்றே வைத்த சொல் அது. சரி, வேர் போதும்.

முஸ்லிம் அறிஞர்கள் இந்தச் சொல்லை ஒரு துறைச்சொல்லாக ஆக்கியதற்கு அடிப்படை குர்ஆனின் 61:6. மர்யமின் மகன் ஈஸா, இஸ்ராயீல் மக்களிடம், தமக்குப் பின் வரப்போகும் அஹ்மத் என்ற தூதரைப் பற்றி 'முபஷ்ஷிராக', அதாவது பிஷாரத் சொல்பவராக, வந்திருப்பதாகச் சொல்கிறார். அஹ்மத் என்பதை முஸ்லிம்கள் முஹம்மது நபியின் இன்னொரு பெயராகக் கொள்கிறார்கள். 7:157, தவ்ராத்திலும் இன்ஜீலிலும் எழுதப்பட்டிருப்பதாக அவர்கள் காணும் நபி என்கிறது. எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவது பிறகு ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் அலீ இப்னு ரப்பான் அத்தபரீ என்ற மருத்துவர், கிறித்தவராக இருந்து இஸ்லாத்துக்கு வந்தவர், ஏசாயாவிலும் சங்கீதத்திலும் பக்கம் பக்கமாக இடம் காட்டினார். அதே நூற்றாண்டில் இப்னு குதைபா, பிற்காலத்தில் இப்னு தைமிய்யா, 1864இல் ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ என்று வரிசை நீள்கிறது. இவர்கள் சேர்த்த வேத வரிகளுக்குத்தான் பிஷாராத் என்று பெயர்.

இதைத்தான் 'கணிப்பு' என்கிறார்கள்.

கணிப்பு என்றால் என்ன? கணி என்பவன் சோதிடன். நாள், கோள் கூட்டிக் கழித்துச் சொல்பவன். இன்றைய வழக்கில் வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு. அதில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், அவன் கையில் சில தரவுகள் இருக்கின்றன, அவன் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறான், அது தப்பியும் போகலாம். தப்பிப்போகும் வாய்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'என் கணிப்பு சரியென்றால்' என்று நாம் சும்மாவா சொல்கிறோம்?

பிஷாராத் பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் நிற்பது உபாகமம் 18:18. மோசேயைப்போல ஒரு தீர்க்கதரிசியை அவர்கள் சகோதரரிலிருந்து எழும்பப்பண்ணுவேன் என்று கடவுள் சொல்லும் இடம். அதே அதிகாரத்தில் எட்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன் யாரும் உங்களுக்குள் இருக்கக்கூடாது என்று ஒரு நீண்ட தடைப்பட்டியல் கிடக்கிறது. மற்ற சனங்கள் நாள்பார்க்கிறவனிடம் போகிறார்கள், நீ போகாதே, உனக்கு நான் ஒரு தீர்க்கதரிசியைத் தருவேன் என்பதுதான் அந்த அதிகாரத்தின் ஓட்டம். கணியனை வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்ன வாக்குக்குக் 'கணிப்பு' என்று பெயர் வைப்பவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார். குர்ஆன் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். 69:42 இது குறிகாரனின் சொல் அல்ல என்று நேரடியாக மறுக்கிறது. இரண்டு வேதமும் துரத்தியவனை நாம் தமிழில் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

'முன்கணிப்பு' என்று ஒரு 'முன்' சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் வாதாடினார். கணிப்பே முன்கூட்டிச் சொல்வதுதானே? நடந்து முடிந்ததை யார் கணிக்கிறார்கள்?

அப்புறம் தீர்க்கதரிசனம். இதற்கு வயதும் மரியாதையும் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் வேரூன்றிய சொல். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் 'தொலைநோக்கு' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எபிரேய 'நாவீ' அழைத்தல் என்ற பொருளுள்ள வேரோடு சேர்த்துப் பார்க்கப்படுவது. அரபு 'நபி'யை 'நபஉ', அதாவது செய்தி, என்பதோடு அகராதிகள் சேர்க்கின்றன. கிரேக்கச் சொல்லிலும் நடுவில் நிற்பது பேசுதல். மூன்றிலும் வாயும் காதும்தான் வேலை செய்கின்றன. தமிழில் மட்டும் கண் எப்படி நுழைந்தது? பார்வையைக் குறிக்கும் பட்டம் எபிரேயத்தில் இல்லாமல் இல்லை. முதல் சாமுவேல் 9:9, முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்பட்டவனே இப்போது தீர்க்கதரிசி எனப்படுகிறான் என்று விளக்கம் சொல்கிறது. அந்த வசனம் வேறுபடுத்திக் காட்டும் இரண்டு சொற்களையும் தமிழ், ஒன்றில் திருஷ்டி, இன்னொன்றில் தரிசனம் என்று கண்ணிலேயே கட்டிப்போட்டது. கத்தோலிக்க வழக்கில் இருக்கும் 'இறைவாக்கினர்' எவ்வளவோ மேல். வாக்கு இருக்கிறது, அது யாருடையது என்பதும் இருக்கிறது.

இன்றைக்குத் தீர்க்கதரிசனம் அரசியல் மேடைக்குப் போய்விட்டது என்பது வேறு. எங்கள் தலைவர் அன்றே தீர்க்கதரிசனத்தோடு சொன்னார் என்று யார் வேண்டுமானாலும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது. நபியாக இருக்கும் நிலையும் தீர்க்கதரிசனம், வரப்போகிறவரைப் பற்றிய அறிவிப்பும் தீர்க்கதரிசனம். அரபில் முன்னது நுபுவ்வத், பின்னது பிஷாரத். "மூஸாவின் தீர்க்கதரிசனம் முஹம்மதின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று" என்று ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்திருக்கிறது. நான்கு தடவை படித்தபிறகுதான் முதல் தீர்க்கதரிசனம் வேறு, இரண்டாவது வேறு என்று புரிந்தது. முஸ்லிம் தமிழில் 'நபித்துவம்' என்று ஒரு சொல் எத்தனையோ காலமாக உயிரோடு இருக்கும்போது ஏன் இந்த அவஸ்தை?

காரணம் எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் அரபு மூலத்தைத் தொடுவதில்லை. நடுவில் ஓர் ஆங்கிலப் புத்தகம் நிற்கிறது. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். முதல் தாண்டலில் 'நல்ல' என்பது விழுகிறது, அடுத்த தாண்டலில் 'இறைவன்' விழுகிறார். தமிழுக்கு வந்து சேர்வது சோதிடன்.

இப்போது நான் சொல்ல வரும் சொல்: நன்மாராயம். குர்ஆனின் தமிழாக்கங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிஷாரத், புஷ்ரா வரும் இடங்களில் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. தொல்காப்பியத்தில் வஞ்சித்திணைத் துறைகளில் 'மாராயம் பெற்ற நெடுமொழி' வருகிறதே, அந்த மாராயம்தான். வேந்தன் செய்யும் சிறப்பு என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் மாராயன் என்ற பட்டமும் உண்டு. அரசனிடமிருந்து இறங்கிவரும் சிறப்பு, பிறகு மகிழ்ச்சிச் செய்தி என்றானது. மேலிருந்து வருகிறது, பெறுகிறவன் முகம் மலர்கிறது. பிஷாரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? நற்செய்தி என்று வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் தமிழில் அது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நூல்களின் பெயராகிவிட்டது. 'யோவான் நற்செய்தியில் நபிகளார் பற்றிய நற்செய்தி' என்று எழுதிப் பாருங்கள். அரபுக் கிறித்தவர்களும் மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாளை 'பிஷாரா' பெருவிழா என்றே அழைக்கிறார்கள் என்பதால், சொல் இரு வீட்டுக்கும் பொது. தமிழில் இரண்டு சொல் இருப்பது நமக்கு வசதி.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்பின் பேச்சு நியாயம். நன்மாராயம் என்பது நம்புகிறவரின் சொல். யூதரோ கிறித்தவரோ அந்த வரிகளை அப்படிப் படிப்பதில்லை. உபாகமம் 18:18இன் 'சகோதரர்' என்றால் அரபுகளின் மூதாதையான இஸ்மவேலின் வழியினர் என்பது முஸ்லிம் வாசிப்பு. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, 17:15இல், அந்நியனை அல்ல, உன் சகோதரருக்குள் ஒருவனையே ராஜாவாக வை என்று வருகிறதே, அங்கே சகோதரர் இஸ்ரவேலர்தானே என்பது அவர்கள் பதில். அதற்கு முஸ்லிம் தரப்பு, யாக்கோபின் அண்ணன் ஏசாவின் புத்திரரையும் உபாகமம் சகோதரர் என்றுதானே சொல்கிறது என்று 2:4ஐக் காட்டும். இந்த வழக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. ஆதியாகமம் 17:20இல் இஸ்மவேலைப் 'பிமேஓத் மேஓத்', மிகமிக, பெருகப்பண்ணுவேன் என்று வரும் சொற்களின் எழுத்தெண்ணை, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் மரபில் உள்ள எண்ணை, கூட்டினால் 92. முஹம்மத் என்ற பெயருக்கும் 92. யூதராக இருந்து இஸ்லாத்துக்கு வந்த சமவ்அல் அல்மக்ரிபீ 12ஆம் நூற்றாண்டில் இதை எடுத்து வைத்தார். அதே நூற்றாண்டில் யமன் யூதர்களுக்கு எழுதிய மடலில் யூத அறிஞர் மைமோனிடஸ், முஸ்லிம்கள் சொல்லும் பெயர் அஹ்மத் ஆயிற்றே, அதற்குக் கூட்டுத்தொகை 92 வராதே என்று மடக்கினார். (எழுத்தெண் கூட்டுவதை மட்டும் கணிப்பு என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

ஆகவே மூன்று தரப்பையும் பொதுவில் வைத்துப் பேசுகிற ஆய்வுக் கட்டுரையானால் 'முன்னறிவிப்பு' என்று எழுதலாம். முஸ்லிம் அறிஞர் ஒருவரின் பேச்சை மொழிபெயர்க்கும்போது அவர் வாயில் வந்தது பிஷாரத் என்றால் நன்மாராயம் என்றுதான் எழுத வேண்டும். பொதுச்சொல் போடுகிறேன் என்று அவர் நம்பிக்கையைக் கழற்றிவிடக் கூடாது.

சொல்லில் நம்பிக்கை ஒட்டிக்கொள்வது எல்லாத் தரப்பிலும் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் மோசே 'என்றான்', ஏசாயா 'சொன்னான்'. உபாகமம் 18:18க்கு வந்ததும் மட்டும், என் வார்த்தைகளை 'அவர் வாயில்' அருளுவேன் என்று மரியாதை ஏறுகிறது. எபிரேயத்தில் அப்படி ஒரு விகுதியே கிடையாது. அந்தத் தீர்க்கதரிசி இயேசுதான் என்று முடிவு செய்தவரின் கை அந்த 'அர்' விகுதியில் தெரிகிறது. வேடிக்கை, முஸ்லிம் பேச்சாளர்களும் அந்த மரியாதையோடேயே வசனத்தை எடுத்துச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் அது தோதாக இருக்கிறது.

யோவான் 14:16இல், தமக்குப் பின் அனுப்பப்படுவார் என்று இயேசு சொல்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பராக்லேத்தோஸ்' இன்னொரு சண்டை. பழைய மொழிபெயர்ப்பில் தேற்றரவாளன், கத்தோலிக்க வழக்கில் துணையாளர், முதலாம் யோவான் 2:1இல் அதே சொல்லுக்குப் 'பரிந்து பேசுகிறவர்'. மூலத்தில் 'பெரிக்லூத்தோஸ்', புகழப்பட்டவர், என்று இருந்து மாறிவிட்டது, ஆகவே அஹ்மத் என்று சொல்வோர் உண்டு. கிடைத்திருக்கும் பழைய கிரேக்கப் பிரதிகளில் பராக்லேத்தோஸ்தான் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டிலேயே, நபிகளாரின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக், யோவான் 15இல் இதே சொல் வரும் இடத்தை எடுத்துக்காட்டியபோது சிரியாக் மொழியின் 'முனஹ்ஹெமானா'வைத்தான் வைத்தார். தேற்றுபவர் என்று பொருள். எழுத்தை மாற்றாமலேயே அவர் தம் வாதத்தைச் சொல்லிவிட்டார். தமிழில் எழுதுகிறவர்கள் தேற்றரவாளன் என்றே போட்டு, இதை முஸ்லிம்கள் நபிகளாராகக் கொள்கிறார்கள் என்று அடுத்த வரியில் சொன்னால் போதும். மொழிபெயர்ப்புக்குள்ளேயே 'புகழுக்குரியவர்' என்று நுழைத்துவிட்டால் வாசகனுக்கு எது வசனம், எது விளக்கம் என்று தெரியாமல் போய்விடும்.

அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். கேள்விக்குறி போட்ட இடங்களில் எல்லாம் நன்மாராயம் என்று எழுதி, இரண்டு பக்கக் குறிப்பும் வைத்து அனுப்பினேன். நேற்று இறுதிப்படி வந்தது. தலைப்பு மாறியிருந்தது, உள்ளேயும் மாற்றியிருந்தார்கள். மகிழ்ச்சியோடு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே அருஞ்சொற்பொருள் பட்டியலில் புதிதாக ஒரு வரி: "நன்மாராயம் – அரபுச் சொல், கணிப்பு என்று பொருள்."