முடக்குவாத மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? இந்தத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் முடக்குவாதம் உள்ளவர்கள் பலர் மூட்டுவாத சிறப்பு டாக்டரைப் பார்க்கக் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். மலையில் ஒரு டாக்டர், கீழே ஒரு டாக்டர் என்று ஆகும்போது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது என்ற விவரம் நடுவில் விட்டுப்போகிறது. அடுத்த மருந்தைத் தேர்வு செய்ய அந்த விவரம் கட்டாயம் வேண்டும்.

முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப், எடனர்செப்ட் போன்றவை, வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள். இவை சிலருக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) மாதிரியான எதிர்வினையைக் கிளப்பிவிடும். சல்ஃபாசலசின் மாத்திரையாலும் வரலாம். இந்த ஊசிகளுக்கு முன் காசநோய்த் தடுப்புக்காகச் சிலருக்குத் தரும் ஐசோனியாசிடும் இதைச் செய்யக்கூடியது. தோலில் தடிப்பு, காய்ச்சல், மூச்சு இழுத்தால் நெஞ்சு வலி வரும். மூட்டு வலியும் கூடுவதால், பழைய நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். டாக்டர் சொல்லி அந்த மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். அப்புறம் ரிட்டுக்சிமாப், அபடாசெப்ட் என வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்கு மாற்றுவதுண்டு.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இந்த எதிர்வினையைக் கண்டறிய உதவும் ஏஎன்ஏ, டிஎஸ்-டிஎன்ஏ, ஹிஸ்டோன் ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனைகள் செய்திருந்தால் அந்த முடிவுகளையும், மருந்து தொடங்கிய, நிறுத்திய தேதிகளையும் கேளுங்கள். சீட்டில் வெறுமனே 'அலர்ஜி' என்றிருந்தால் விடாதீர்கள். மருந்தின் பெயரும் அது எந்த வகை என்பதும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே வகை மருந்தே வேறு கம்பெனிப் பெயரில் திரும்ப வந்துவிடலாம். இதை மட்டும் தயவுசெய்து சரிபாருங்கள்.

இன்னொன்று. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் பக்கவிளைவை நோயாளியே பதிவு செய்யலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் கூப்பிட்டும் சொல்லலாம். இது யார் மீதும் கொடுக்கும் புகார் அல்ல, உங்கள் அடையாளமும் வெளியே போகாது. அதனால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை.